சின்னப் புள்ளைங்களுக்கு கணக்கு எப்போ ஆரம்பிக்கலாமுங்க? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்தா போதும், வாசல் கேட் பக்கத்துல நின்னு அம்மாமாருங்க கேக்கறதுல பாதி கணக்கப் பத்திதான் இருக்கும். பக்கத்து ஊட்டுப் பையன் நூறு வரைக்கும் எழுதறான், என்ற பையன் இன்னும் பதினாலுக்கு அப்புறம் பதினாறுங்கறான், இவனுக்கு மண்டைல ஏறுமா ஏறாதான்னு. நான் கோபி பக்கம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பொடுசுங்களுக்கு எடுக்கறவ. ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, அதனால ஒட்டுக்கா எழுதிப் போட்டுடறேன்.

சரியா எத்தனை வயசுல கணக்கு ஆரம்பிக்கோணுமுங்க?

நீங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அது ஆரம்பிச்சாச்சுங்க. 1992ல கேரன் வின்னுங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அஞ்சு மாசக் கொழந்தைங்கள வெச்சு ஒரு சோதனை பண்ணுனாங்க. ஒரு பொம்மைய வெச்சு தெரைய போட்டு மறைச்சுட்டு, கொழந்தை பாக்கப் பாக்கவே இன்னொரு பொம்மைய தெரைக்குப் பின்னாடி கொண்டுபோய் வெப்பாங்க. தெரைய எறக்குனா ரெண்டு இருக்கோணும், ஆனா சில தடவை திருட்டுத்தனமா ஒன்ன எடுத்துருவாங்க. அப்படி ஒன்னு மட்டும் இருக்கறப்போ கொழந்தைங்க ரொம்ப நேரம் உத்து உத்துப் பாத்துச்சுங்க, என்னமோ தப்பா இருக்கேங்கற மாதிரி. பேச்சே வராத வயசுல ஒன்னு ரெண்டுங்கற அளவு புரிய ஆரம்பிச்சுருது.

அதுக்குன்னு தொட்டில்ல கெடக்கறதுக்கு ட்யூஷன் வெக்க வேண்டாம். என்னக் கேட்டா இப்படிப் பிரிச்சுக்குவேன். கணக்கப் பேசறதுக்கு (பெருசு, சிறுசு, இன்னொன்னு, தீந்துபோச்சு, உனக்கு ரெண்டு எனக்கு ரெண்டு) வயசே கெடயாது, இன்னிக்கே ஆரம்பிங்க. பொருளக் கையில வெச்சு எண்றது ரெண்டரை மூணு வயசுலருந்து. பொருள வெச்சே சேத்தறது எடுக்கறது நாலு வயசுக்கு மேல. நோட்டுல குறி போட்டு கணக்குப் பண்றது அஞ்சரை ஆறு வயசு பக்கம். நம்மாளுங்க இதை அப்படியே தலைகீழா புடிச்சுக்கறாங்க, மூணு வயசுல நோட்டு குடுத்துட்டு, ஆறு வயசுல வரவே மாட்டேங்குது டீச்சர்னு வர்றாங்க.

என்ற பொண்ணுக்கு மூணு வயசுதான், ஒன் டூ த்ரீ நூறு வரைக்கும் கடகடன்னு சொல்றா. அப்போ அவளுக்கு கணக்கு வந்துருச்சுன்னு அர்த்தமுங்களா?

இல்லீங்க அம்மிணி. அது பாட்டு. நல்ல விஷயந்தான், வாய்ல வரிசை தப்பாம வர்றது தேவைதான், ஆனா அது கணக்கு ஆகாது.

ஒன்னு பண்ணிப் பாருங்க. சாயங்காலம் சின்ன வெங்காயம் உரிக்க உக்காருவீங்கல்ல, மொறத்துல ஒரு பதினஞ்சு இருபது காய பரப்பி வெச்சுட்டு, "கண்ணு, அம்மாளுக்கு மூணு வெங்காயம் எடுத்துக் குடு"ன்னு கேளுங்க. கேட்டுப்போட்டு கம்முனு இருங்க, வெரல நீட்டிக் காட்டாதீங்க, தலையாட்டாதீங்க. நூறு வரைக்கும் சொல்ற அதே புள்ளை ரெண்டு கையையும் விட்டு ஒரு அள்ளு அள்ளிக் குடுக்கும். அட இத எண்ணுன்னா கரெக்டா ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சுன்னு தொட்டுத் தொட்டு எண்ணும். "அப்போ எத்தனை இருக்குது?"ன்னு கேட்டா மறுக்கா முதல்ல இருந்து எண்ண ஆரம்பிச்சுரும். கடைசியா சொன்ன நம்பர்தான் மொத்த எண்ணிக்கைன்னு அதுக்கு இன்னும் பிடிபடல.

இந்த மாதிரி எடுத்துக் குடுக்கச் சொல்ற சோதனைய வெச்சு நெறைய ஆராய்ச்சி நடந்துருக்குது. அதுல கண்டது என்னன்னா புள்ளைங்க ஒவ்வொரு படியாத்தான் ஏறும். முதல்ல ஒன்னு மட்டும் புரியும், ரெண்டு கேட்டாலும் பத்து கேட்டாலும் ஒரு கை அள்ளிக் குடுக்கும். சில மாசம் கழிச்சு ரெண்டு பிடிபடும், அப்பறம் மூணு. அப்பறந்தான் திடீர்னு எல்லா நம்பருக்கும் ஒரே வழிதான்னு பொறி தட்டும், அது பொதுவா மூணரையிலருந்து நாலு வயசுக்குள்ள, சில புள்ளைங்களுக்கு அதுக்கும் பின்னாடி. ஒன்னுலருந்து அந்த எடத்துக்கு வந்து சேர ஒரு வருஷம் ஓடிரும்னு வெச்சுக்கங்க. நூறு வரைக்கும் சொல்றத விட, கேட்ட உடனே அஞ்சு எடுத்துக் குடுக்கறதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

வயசுக்குத் தகுந்த மாதிரி என்னென்ன எதிர்பாக்கலாம்?

மாசக் கணக்குப் போட்டு ஒப்பிடாதீங்க, ஒரே ஊட்டுல அண்ணனுக்கும் தம்பிக்குமே ஒரு வருஷம் வித்தியாசம் வரும். ஆனாலும் ஒரு அடையாளம் வேணுமில்லீங்களா.

ரெண்டு வயசுல "இன்னும் வேணும்", "ரெண்டு" இதெல்லாம் வாயில வரும், ஆனா ரெண்டுன்னா சில சமயம் நெறையன்னும் அர்த்தம். மூணு வயசுல ரெண்டு மூணு பொருள எண்ணாமயே கண்ணுல பாத்துச் சொல்லிரும், அத தனியா பிரிச்சு வெக்கத் தெரியும், செகப்பு மூடி ஒரு பக்கம் நீல மூடி ஒரு பக்கம்னு. நாலு வயசுல பத்து பொருள் வரைக்கும் தொட்டு எண்ணி, எத்தனைன்னும் சொல்லும். ஒரு ஒப்புட்டு பிட்டுக் குடுத்தா "எனக்குப் பெரிய பாதி"ன்னு சண்டைக்கு வரும், சிரிக்காதீங்க, சமபங்கு பத்தின பாடம் அங்கதான் ஆரம்பிக்குது. அஞ்சு வயசுல இருபது வரைக்கும் எண்ணும், பத்துக்குள்ள எண் குறிய (1, 2, 3) அடையாளம் கண்டுக்கும், எது அதிகம் எது கம்மின்னு சொல்லும்.

இன்னொன்னு இருக்குது, பாத்தா அசந்துருவீங்க. அஞ்சு ஒத்த ரூவாய வரிசையா வெச்சு, அதுக்கு நேரா கீழ இன்னொரு அஞ்ச வெச்சு "ரெண்டு வரிசையும் ஒன்னுதானே?"ன்னா ஆமாங்கும். கீழ் வரிசைய மட்டும் தள்ளித் தள்ளி அகலமா வெச்சுட்டு மறுக்கா கேளுங்க. நாலு வயசுப் புள்ளை கீழதான் நெறைய இருக்குதுங்கும், இத்தனைக்கும் அது கண்ணு முன்னாடியே தள்ளி வெச்சுருப்பீங்க. ழான் பியாஜேங்கற உளவியல் அறிஞர் சொன்ன சோதனை இது, ஆறு ஏழு வயசுலதான் பெரும்பாலும் தெளியும். அதுக்காக புள்ளைய மக்குன்னு நெனைக்காதீங்க, அந்த வயசுல அவங்க பாக்கறதே அப்படித்தான்.

மூணு வயசுலயே நம்பர் எழுத வெக்கலாமா? பக்கத்து ஸ்கூல்ல ஹோம்வொர்க் குடுக்கறாங்களே?

வேண்டாமுங்க. அந்த வயசுல கை எலும்பும் வெரல் சதையும் பென்சில் புடிக்கற பக்குவத்துக்கு வந்துருக்காது. எழுதறது வேற, எண்றது வேற. ஏழுங்கற குறிய அழகா எழுதற புள்ளைக்கு ஏழு கல்ல எடுத்து வெக்கத் தெரியாம இருக்கலாம், தெரிஞ்ச புள்ளைக்கு எழுத வராமயும் இருக்கலாம். மண்ணுல கோடு போடட்டும், சுண்ணாம்புக் கட்டியில திண்ணைல கிறுக்கட்டும், மாவு பெசையட்டும், கை பழகட்டும். நாலரை அஞ்சு வயசுல தானா எழுத ஆசப்படும்.

3, 7 எல்லாம் திருப்பித் திருப்பி எழுதறான். ஏதாச்சும் பிரச்சினையா?

ஆறு ஏழு வயசு வரைக்கும் சாதாரணம். திருத்துங்க, திட்டாதீங்க.

வெரல் விட்டு எண்றான். நிறுத்தச் சொல்லலாமா?

எதுக்குங்க நிறுத்தணும்? கைய பின்னாடி கட்டிக்கிட்டு சொல்லுன்னு மெரட்டற பெருசுங்க இன்னும் இருக்காங்க, எனக்கு அது சுத்தமா புடிக்காது. நாலும் மூணும் எத்தனைன்னா, முதல்ல புள்ளை நாலு வெரல எண்ணும், மூணு வெரல எண்ணும், மறுக்கா எல்லாத்தையும் ஒன்னுலருந்து எண்ணும். கொஞ்ச நாள் போனா நாலை மனசுல வெச்சுக்கிட்டு "அஞ்சு, ஆறு, ஏழு"ன்னு மேல போகும். அப்பறம் மூணும் நாலும்னு கேட்டாக்கூட பெருசான நாலுல இருந்து ஆரம்பிக்கும். இந்த மூணு படியும் வெரல்ல தான் நடக்குது. ஆறு ஏழு வயசுக்கு மேல மெல்ல மெல்ல தானா விட்டுரும். வெரல புடுங்கிட்டீங்கன்னா புள்ளை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கும், அவ்வளவுதான்.

ரெண்டு பேருமே திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறோம், புள்ளை அமுச்சிகிட்ட (அம்மாவோட அம்மா) வளருது. தனியா சொல்லித்தர நேரமே இல்லீங்க.

அமுச்சி இருக்காங்கல்ல, அப்பறம் என்ன கவலை. நான் சொல்றது வெளையாட்டில்ல, எங்க கிளாசுக்கு வர்றதுல கணக்கு நல்லா பிடிபட்ட புள்ளைங்க நெறைய பேரு பெரியவங்க மடியில வளந்ததுங்க.

பன்னாங்குழி ஊட்டுல இருந்தா எறக்குங்க, பலகை இல்லைன்னா பொடக்காலி மண்ணுல பதினாலு குழி தோண்டுனா முடிஞ்சுது. பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை. புள்ளை ஒரு குழிய அள்ளி ஒவ்வொரு குழியா ஒன்னொன்னு போட்டுக்கிட்டே போகுது பாருங்க, அங்கயே ஒரு பொருளுக்கு ஒரு எண்ணுங்கற பாடம் வந்துருச்சு. ரெண்டு போட்டாலோ ஒரு குழிய தாண்டுனாலோ எதுக்க உக்காந்துருக்கற அமுச்சி விடமாட்டாங்க. அப்பறம் குழியில நாலு காய் சேந்தா அது பசு, டக்குன்னு எடுத்துக்கோணும். எதிராளி பாக்கறதுக்கு முன்னாடி எடுக்கோணும்னா ஒன்னு ரெண்டுன்னு எண்ணிட்டு இருக்க முடியாது, கண்ணுல பட்டதும் நாலுன்னு தெரியோணும். மனுசன் எண்ணாம ஒரே பார்வைல சொல்ற அளவு மூணு நாலுதான், அதையே இந்த ஆட்டம் கெட்டியாக்கிக் குடுக்குது. முடிவுல யாருகிட்ட அதிகம்னு ரெண்டு பேரும் காய வரிசையா வெச்சுப் பாப்பாங்க, ஒப்பிடறதும் ஆச்சு. மூணு வயசுக்கு முழு ஆட்டம் வராது, போடறதுக்கு மட்டும் விடுங்க. காய வாயில போட்டுக்கற வயசுன்னா பக்கத்துலயே இருங்க.

காலைல வாசல்ல கோலம் போடறப்போ பக்கத்துல நிக்க வெச்சு, அஞ்சு புள்ளி, அதுக்கு ரெண்டு பக்கமும் ஊடு புள்ளி நாலு, மூணு, ரெண்டு, ஒன்னுன்னு கொறைஞ்சுக்கிட்டே வர்றத வாய்விட்டுச் சொல்லுங்க. எறங்கு வரிசைய இதவிட சுலபமா யாரும் சொல்லித்தர முடியாது.

புளியம்பட்டி சந்தைக்கோ, உங்கூரு சந்தைக்கோ கூட்டிட்டுப் போனா பையில போடற வேலைய புள்ளைக்கு குடுங்க, ஆறு எலுமிச்சம்பழம் நீ எண்ணிப் போடு சாமின்னு. மூணு முழம் பூ வாங்குனா பூக்காரம்மா கையால அளக்கறத பாக்கட்டும், ஊட்டுக்கு வந்து அதே பூவ புள்ளை கையால அளந்தா அஞ்சாறு முழம் வரும், ஏன்னு கேளுங்க. அளவுகோல் பத்தி இதுக்கு மேல ஒரு பாடம் வேணுமா? வேலைக்குப் போறவங்களுக்கு இதெல்லாம் தனி நேரம் இல்ல, செய்யற வேலைல வாய மட்டும் தொறக்கோணும்.

அப்பாரு (தாத்தா) நெல்லு அளக்கறப்போ ஒன்னுன்னு சொல்லாம லாபம், ரெண்டு, மூணுன்னு எண்றாரு. புள்ளையும் அப்படியே சொல்லுது. கொழம்பிராதா?

கொழம்பாதுங்க, சொல்லட்டும். எண்றதுக்கு என்னென்ன வேணும்னு 1978லயே கெல்மன், காலிஸ்டல்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க அஞ்சு விதியா எழுதி வெச்சாங்க. ஒரு பொருளுக்கு ஒரு சொல், எப்பவும் அதே வரிசை, கடைசி சொல்தான் மொத்தம், எந்தப் பொருளையும் எண்ணலாம், எந்தப் பக்கமிருந்தும் எண்ணலாம். நெல்லு அளக்கற வள்ளத்துக்கு ஒரு சொல்லா, எப்பவும் லாபத்துல ஆரம்பிச்சு வரிசை மாறாம போனா ஒரு விதியும் மீறல.

தமிழ்ல எண்ண வெக்கறதா, இங்கிலீஷ்லயா?

ஊட்டுல எந்த பாஷை பேசறீங்களோ அதுல. அஞ்சுன்னா எவ்வளவுன்னு ஒரு பாஷைல புரிஞ்சுட்டா ஃபைவ்ங்கறது வெறும் இன்னொரு பேரு, ஒரு வாரத்துல வந்துரும். ரெண்டு பாஷைலயும் வெறும் பாட்டா தெரிஞ்சு எதுலயும் புரியாம இருக்கறதுதான் கஷ்டம். தமிழ்ல எண்ணுனா இருபத்தொன்பதுக்கு அப்புறம் "இருபத்திப்பத்து"ன்னு சொல்லும், சந்தோஷப்படுங்க, அது ஒப்பிக்கல, யோசிச்சு சொல்லுது. எம்பத்தொன்பதுக்கு அப்புறம் தொண்ணூறுல முட்டும், அது எல்லாப் புள்ளைக்கும் முட்டற எடம்.

பஸ் நம்பர் எல்லாம் பாத்துச் சொல்றான், மூணு வயசுதான். ஜீனியஸ்ங்களா?

கண்ணு நல்லா இருக்குது, ஞாபகமும் நல்லா இருக்குது. ஆனா 7ஆம் நம்பர் பஸ்சுன்னா அது பஸ்சுக்குப் பேரு, ஏழு பஸ்சு இல்ல. குறிய அடையாளம் தெரியறது பின்னாடி ஒதவும், அது ஒரு தனி வேலை. வெங்காயத்த எடுத்துக் குடுக்கச் சொல்லிப் பாருங்க.

ஈரோட்டுக்காரங்க ஒருத்தர் "ராமானுஜன் பொறந்த ஊருங்க, நம்ம புள்ளைங்களுக்கு கணக்கு தானா வரும்"னாங்க. 1887 டிசம்பர் 22ல ஈரோட்டுல அவரோட அம்மா வழித் தாத்தா ஊட்டுல பொறந்தாரு, வாஸ்தவம். வளந்து படிச்சது கும்பகோணம். மூணு வயசு வரைக்கும் அவரு சரியாப் பேசவே இல்லைன்னு அவரோட வாழ்க்கை வரலாறு சொல்லுது, அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

அபாகஸ் கிளாஸ் எப்போ சேத்தலாம்?

பத்துக்குள்ள சேத்தறது கழிக்கறது பொருளோட தெளிவா வந்ததுக்கு அப்புறம், ஆறு வயசுக்கு மேல, புள்ளைக்கு ஆசை இருந்தா. நாலு வயசுல சேத்தி மாசாமாசம் ஃபீஸ் கட்டறதுக்கு அந்தக் காசுல ஒரு மரக்கட்டை செட்டும் ஒரு தாயக்கட்டையும் வாங்கிக் குடுங்க. வேகமா கணக்குப் போடறது ஒரு திறமைதான், ஆனா வேகம் மட்டுமே கணக்கு கெடயாது.

மொபைல் ஆப்ல நம்பர் கத்துக்கலாமா?

உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது: ரெண்டு முதல் நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்க்ரீன் வேண்டாம், கம்மியா இருந்தா இன்னும் நல்லது, ஒரு வயசுக்கு வேண்டவே வேண்டாம். ஆப்ல தட்டுனா சத்தம் வருது, புள்ளை சத்தத்துக்குத்தான் தட்டுது.

அதுக்குப் பதிலா அட்டைல 1லருந்து 10 வரைக்கும் ஒரே வரிசையா கட்டம் போட்டு, ஒன்னு ரெண்டு மட்டும் விழற மாதிரி ஒரு தாயத்த வெச்சு ஆடுங்க. 2008ல சீக்லர், ரமணின்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இதையே பண்ணிப் பாத்தாங்க, ரெண்டு வாரத்துல ஒரு மணி நேரம் மாதிரி தான் மொத்தமே ஆடுனது, வசதி கொறைஞ்ச ஊட்டுப் புள்ளைங்களுக்கு எண் அறிவு நல்லா ஏறுச்சு. வெறும் கலர் கட்டத்துல ஆடுன புள்ளைங்களுக்கு ஏறல. ஒரு சூட்சுமம் இருக்குது: காய் நாலுல நின்னு ரெண்டு விழுந்தா "ஒன்னு, ரெண்டு"ன்னு நவுத்தாம "அஞ்சு, ஆறு"ன்னு கட்டத்து எண்ணச் சொல்லி நவுத்தணும். அதுலதான் பலனே.

சின்ன வயசுக் கணக்கு இவ்வளவு முக்கியமுங்களா, பின்னாடி பாத்துக்கலாமில்ல?

2007ல கிரெக் டங்கன்ங்கற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் ஆறு பெரிய ஆய்வுகள ஒன்னா வெச்சுப் பாத்தாங்க. ஸ்கூல்ல சேர்றப்போ இருக்கற கணக்கறிவுதான் பிற்காலப் படிப்ப அதிகமா முன்கூட்டிக் காட்டுது, வாசிப்பு, கவனம் எல்லாம் அதுக்கு அடுத்துதான்னு வந்துச்சு. அதுக்காக அதுதான் காரணம்னு ஆயிராது, ஊட்டுச் சூழ்நிலை எல்லாம் சேந்துதான் வரும். ஆனா பின்னாடி பாத்துக்கலாம்னு அசட்டையா விடற விஷயமும் இல்ல. நம்ம அரசாங்கம் 2022ல எண்ணும் எழுத்தும் திட்டத்த ஒன்னுலருந்து மூணாங்கிளாஸ் வரைக்கும் கொண்டு வந்ததே எட்டு வயசுக்குள்ள அடிப்படை வந்துரோணும்னுதான்.

அப்பறம் புள்ளை முன்னாடி "எனக்கே கணக்கு வராது, இவளுக்கு எங்க வரப்போவுது"ன்னு சொல்ற பழக்கத்த விட்டுருங்க. அதுலயும் பொண்ணுன்னா இந்தப் பேச்சு நெம்பவே சேந்துக்குது.

எப்போ டாக்டர்கிட்ட காட்டோணும்?

நாலரை அஞ்சு வயசாகியும் மூணு பொருள எடுத்துக் குடுக்க வரல, ரெண்டு கூட்டத்துல எது அதிகம்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியல, பேச்சும் சேந்து தாமதம்னா காத்துட்டு இருக்காதீங்க. முதல்ல காதும் கண்ணும் பாருங்க, சில நேரம் கோளாறு அங்க இருக்கும். 2013லருந்து ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்ங்கற திட்டத்துல அங்கன்வாடிக்கும் ஸ்கூலுக்கும் டாக்டர் குழு வந்து புள்ளைங்களப் பாக்கறாங்க, தேவைன்னா மாவட்டத்துல இருக்கற டி.இ.ஐ.சி. (ஆரம்பத்துலயே குறையக் கண்டு சரிபண்ற மையம்) மையத்துக்கு அனுப்புவாங்க, காசு கெடயாது. டிஸ்கால்குலியான்னு சொல்ற கணக்குக் குறைபாடு நூத்துக்கு அஞ்சு பேரு மாதிரி இருக்கும்ங்கறாங்க, ஆனா அத ஏழு எட்டு வயசுக்கு முன்னாடி உறுதியா சொல்றது கஷ்டம், அதனால அஞ்சு வயசுப் புள்ளைக்கு யாராச்சும் அந்தப் பேர ஒட்டுனா நம்பிராதீங்க.

ஒன்னாங்கிளாஸ் சேத்த எத்தனை வயசு ஆகோணும்? கணக்கு டெஸ்ட் வெப்பாங்களாமே?

தமிழ்நாட்டு அரசு பாடத்திட்டத்துல அஞ்சு வயசு முடிஞ்சுருந்தா போதும். கேந்திரிய வித்யாலயா மாதிரி இருக்கற எடத்துல 2020 தேசியக் கல்விக் கொள்கைப்படி ஆறு. புள்ளை அஞ்சு வயச ஒட்டி இருந்து, பத்துப் பொருள எண்ணி எத்தனைன்னு சொல்ல இன்னும் தெணறுச்சுன்னா ஒரு வருஷம் யு.கே.ஜி.ல இருக்கட்டும்னுதான் நான் சொல்லுவேன், சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்கன்னு அவசரப்படாதீங்க.

டெஸ்ட் விஷயம், கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13 படி சேக்கறதுக்குப் புள்ளைக்கோ பெத்தவங்களுக்கோ தேர்வு வெச்சுப் பொறுக்கக் கூடாது. மீறுனா முதல் தடவை 25,000 ரூவா வரைக்கும், அடுத்தடுத்து ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரைக்கும் அபராதம். வெச்சாங்கன்னா எந்தச் சட்டத்துலன்னு மரியாதையாவே கேளுங்க, பதில எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, குடுக்கலைன்னா மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு.